ஈரப்பதம்: எண்பத்து நான்கு

காலை ஆறே முக்கால்.
செருப்பை வெளியே விட்டு
காலுறை, முகமூடி, இரட்டைக் கையுறை.
தலைமுடியில் மண்டபத்து உப்பு ஒட்டியிருந்தால்
அதுவும் தொப்பிக்குள் போய்விட வேண்டும்.

முதல் கட்டம் வெப்பநிலை. இருபத்து மூன்று.
இரண்டாம் கட்டம் ஈரப்பதம்.
முப்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே நிற்க வேண்டும் அது.
எனக்கு முன்னால் இந்த நோட்டை எழுதியவர்
மூன்று வருஷம், ஞாயிறும் விடாமல்,
அறுபத்தைந்து என்றே எழுதியிருக்கிறார்.
பாம்பனில் புயல் கூண்டு ஏறிய ஐப்பசியிலும் அறுபத்தைந்து.
கரண்ட் போய், ஜெனரேட்டரில் டீசல் இல்லாமல்
சுவரெல்லாம் வியர்த்த இரவிலும் அதே நீல மையில்
அறுபத்தைந்து.
முத்து முத்தான கையெழுத்து.

நான் எண்பத்து நான்கு என்று எழுதுகிறேன்.
கருவி அதைத்தான் காட்டுகிறது.
"வேற நம்பரே கெடைக்கலியா லூர்துசெல்வி?"
என்றார் நைனா சார்.
இல்லை சார்.
வாசலில் கடல் இருக்கிறது.

நான்காம் அடுக்கு, பதினேழாம் எண்.
வெள்ளைச் சுண்டெலி, பெண், ஒன்பது வாரம்.
கூம்புச் சங்கின் விஷத்துக்குள்
வலிமருந்து இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.
தேடுவதற்கு முதலில் வலி வேண்டும்.
அதைக் கொடுத்தார்கள்,
அளவு, நேரம், யார் கை என்ற குறிப்போடு.

அனுமதிக் கடிதம் பதினான்கு பக்கம்.
பதினோராம் பக்கத்தில் ஒரு கோடு:
தொடக்க எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால்
அதற்குமேல் வலிக்க விடக்கூடாது.

தொடக்கம் இருபத்தைந்து கிராம்.
இன்று இருபது புள்ளி இரண்டு.
கதவுக்கு அடியில் கச்சான் காற்று நுழைகிறது,
கடைசி எண் நிற்க மாட்டேன் என்கிறது.
இரண்டு. ஒன்று. மூன்று.
எப்படிப் பார்த்தாலும்
கோட்டுக்கு இந்தப் பக்கம்.

வீட்டுக்காரர் சொல்வார்,
கடலில் கோடு கிடையாது, கருவியில்தான் உண்டு.
நீரோட்டம் இழுக்கும்போது எண் தாவும்,
பிடிக்க வருகிறவன் அந்தத் தாவலைப் பார்ப்பதில்லை.
போன தையில் ஐம்பத்தொரு நாள் அக்கரைச் சிறை.
ஆள் வந்தார். படகு வரவில்லை.

'மற்றவை' என்ற கட்டம் எப்போதும் காலியாகக் கிடக்கும்.
அதில் எழுதினேன்:
முதுகு வளைந்திருக்கிறது.
ரோமம் குத்திட்டு நிற்கிறது.
கண்ணை இடுக்குகிறது.
கூடு கட்டக் கொடுத்த காகிதம் கொடுத்தபடியே.

டாக்டர் முத்துராக்குவுக்குப் போன் போட்டேன்.
எடை?
சொன்னேன்.
காகிதம்?
தொடலை மேடம், நேத்து சாயங்காலத்துலேர்ந்து.
பின்னால் ரயில் கூவிக்கொண்டு போனது,
உச்சிப்புளி கேட்டில் நிற்கிறார் போல.
"எடையை விடு. நான் வாரேன்."

மற்றவை பார்க்காத தனி அறை.
வாயு மெல்லத்தான் நிரம்ப வேண்டும், அவசரம் ஆகாது.
நின்றுவிட்டது என்று இரண்டு முறை உறுதி செய்ய வேண்டும்.
மூன்று கையெழுத்து. மஞ்சள் பை.
இருப்பு நாற்பத்தெட்டு என்பதை அடித்து
நாற்பத்தேழு.

வீட்டுக்குப் போகும் வழியில் இறங்குதளம்.
சாளையும் காரலும் குவியலாகத் துடிக்கின்றன.
அங்கேயும் தராசு உண்டு, விலைக்கு.
நான் அரைக் கிலோ வாங்கினேன்.

வியாழக்கிழமை ஆய்வுக்கு வந்த அம்மா
நோட்டை விரலால் ஓட்டிக்கொண்டே வந்தார்,
அறுபத்தைந்து, அறுபத்தைந்து, அறுபத்தைந்து,
என் எண்பத்து நான்கில் விரல் இடறியது.
"ஏன் திடீர்னு கெட்டுப்போச்சு?"
கெடலைம்மா. இப்பத்தான் எழுதுறோம்.

நைனா சார் ஏசியைப் பார்த்தார்.
அந்த அம்மா பழைய மூன்று வருஷத்தின் ஓரத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.
என் பக்கத்தில் சிவப்பு மையில்:
குறைபாடு. முப்பது நாளுக்குள் சரி செய்க.

ஈரம் உறிஞ்சும் பெட்டி நாற்பத்தாறாம் நாள் வந்தது.
தினம் ஒன்றரை வாளித் தண்ணீர் கொட்டுகிறேன்,
ஸ்கேல் வைத்து அதற்கும் ஒரு கட்டம் போட்டாயிற்று.

இன்று காலை கருவி
அறுபத்தைந்து காட்டியது.

எழுதக் கை கூசியது.
கண்ணாடியைத் துடைத்து
இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதினேன்.